கடலைத் தாண்டின சிக்னல், தகரத்தைத் தாண்டலை

போன வாரம் ஷார்ஜாவில் இருந்து மச்சான் போன் பண்ணினார். "மாப்ளே, ஊர்ல வீட்டுக்குள்ள சிக்னலே கிடைக்கலைன்னு அத்தை ஒரே புலம்பல். சிக்னல் பூஸ்டர்னு ஒண்ணு ஆன்லைன்ல பாத்தேன். அடுத்த மாசம் வரும்போது பொட்டியில போட்டு எடுத்தாந்துடவா?"ன்னு கேட்டார்.

வேணாம் மச்சான்னேன். சும்மா சொல்லலை, கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போல. அந்தப் பக்கம் ரெண்டு நிமிஷம் பேச்சே இல்லை. நல்லது பண்ணப் போன மனுஷன் மேல ஏன் இப்படி எரிஞ்சு விழுந்தேன்னு அவருக்குப் புரிஞ்சிருக்காது. அதை விளக்கத்தான் இது. வெளிநாட்டுல, வெளிமாநிலத்துல இருந்துக்கிட்டு ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்னு யோசிக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

நான் இருக்கிறது அந்தமான், பத்துபஸ்தி. போர்ட் பிளேர் பக்கம். (2024 செப்டம்பர்ல இருந்து ஊர் பேர் ஸ்ரீ விஜயபுரம். வாய் இன்னும் போர்ட் பிளேர்னுதான் சொல்லுது, என்ன பண்றது.) 2016-ல பொட்டி தட்டுற வேலையா இங்க வந்தேன். அப்போ இந்தத் தீவுக்கு மொத்த இணையமும் சாட்டிலைட் வழியாத்தான். தரையில இருந்து கிட்டத்தட்ட 36,000 கி.மீ. மேல போய், திரும்பிக் கீழ வரணும். போன்ல "ஹலோ"ன்னா அரை வினாடி கழிச்சுத்தான் பதில் வரும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிறுத்தி, "நீ சொல்லு", "இல்ல நீ சொல்லு"ன்னே பாதி நேரம் போயிடும். வீடியோ கால்ங்கறது கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கிற மாதிரி. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான்.

அப்புறம் கேபிள் வந்துது. 2018 டிசம்பர் 30 அன்னிக்கு அடிக்கல், 2020 ஆகஸ்ட் 10 அன்னிக்குத் திறப்பு. சென்னையில் கடலுக்குள்ள இறங்கி, போர்ட் பிளேர்ல கரையேறி, அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார்னு கிளை பிரியுது. மொத்தம் சுமார் 2,300 கி.மீ. செலவு சுமார் 1,224 கோடி. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவுல வினாடிக்கு 2 x 200 ஜிகாபிட் போகலாம். கேள்விப்பட்டதும் நானும் தங்கமணியும் தெருவுக்கு லட்டு கொடுக்காத குறைதான்.

ஆனா பாருங்க, அவ்வளவு தூரம் கடலுக்கு அடியில வந்த சிக்னல், என் வீட்டுத் தகரக் கூரையைத் தாண்டி உள்ள வரலை :)

இந்த ஊரைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். எல்லாம் மேடும் பள்ளமும்தான். எங்க வீடு ஒரு சரிவுல இருக்கு. டவர் மேட்டுக்கு அந்தப் பக்கம். கூரை தகரம். ரேடியோ அலைக்குத் தகரம்னா கண்ணாடி மாதிரி, பட்டதும் திருப்பி அனுப்பிடும். தண்ணி டேங்க் பக்கத்துல போய் நின்னா மூணு கோடு. படுக்கை அறைக்குள்ள வந்தா ஒண்ணுமில்லை. பழகிப்போச்சுன்னு விட்டுட்டோம்.

2022 ஜூலையில ஒரு நாள் ராத்திரி. வேதாரண்யம் பக்கம் எங்க ஊர்ல அப்பாவுக்கு நெஞ்சுவலி. தங்கச்சி எனக்குப் பதினேழு தடவை கூப்பிட்டிருக்கா. போன் என் தலைமாட்டுலதான் இருந்துது, ஆனா மணி அடிக்கலை. காலையில பல் தேய்ச்சுக்கிட்டே டேங்க் பக்கம் போனதும் 'டிங் டிங் டிங்'னு வரிசையா செய்தி. கையில பிரஷ்ஷோட அங்கயே உக்காந்துட்டேன்.

அப்பா பிழைச்சுட்டார். ஆனா நாலாவது நாள் பேசும்போது சொன்னார்: "பரவால்லப்பா, நீ தூங்கிட்டிருந்திருப்ப. எடுக்காட்டி என்ன." அந்த 'எடுக்காட்டி என்ன' இருக்கே, அதுதான் இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. சிக்னல் இல்லைங்கறது எனக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரிஞ்சது, மகன் போனை எடுக்கலைங்கறது மட்டும்தான்.

அந்த வருஷக் கடைசியில சென்னை போனப்ப, ஒரு கடையில பூஸ்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டேன். ஆமாங்க, மச்சானைத் திட்டின அதே நான்தான்.

ஏன் வாங்கினேன்? எங்க தலைமுறைக்கு ஆண்டெனா, பூஸ்டர்னா ஒரு பாசம் உண்டு. 1980-கள்ல நாகப்பட்டினம், வேதாரண்யம், ராமேஸ்வரம் கடலோரத்துல வளர்ந்தவங்களைக் கேளுங்க. 1982 பிப்ரவரியில இலங்கையில ரூபவாஹினி ஒளிபரப்பு தொடங்கிச்சு. நமக்குச் சென்னை தூர்தர்ஷன் புள்ளி புள்ளியாத்தான் தெரியும், ஆனா கடல் தாண்டி ரூபவாஹினி கிடைக்கும். அதுக்காக ஊர்ல தென்னை மரத்தோட போட்டி போட்டுக்கிட்டு இரும்புக் குழாய் நட்டு, உச்சியில ஆண்டெனா கட்டுவாங்க. நான் மேல, அப்பா நடுவாசல்ல, அம்மா டிவி முன்னால. "இப்ப?" "இல்ல." "இப்ப?" "கொஞ்சம் வருது." "இப்ப?" "ஆங், போயிடுச்சு, திரும்பு திரும்பு!" அதுலயும் தெரியலைன்னா ஒரு பூஸ்டர் மாட்டுவோம். படம் பளிச்சுன்னு வரும். பூஸ்டர்னா நல்லதுங்கறது இப்படித்தான் மண்டையில ஏறிச்சு.

அந்தக் கணக்குலதான் இதையும் வாங்கினேன். கூரை மேல ஒரு ஆண்டெனா, நடுவுல ஒரு டப்பா, கூடத்துல ஒரு சின்ன ஆண்டெனா. சுவிட்ச் போட்டதும் போன்ல நாலு கோடு. தங்கமணி முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணமான நாளா நான் பண்ணின ஒரே உருப்படியான வேலைன்னு பாராட்டு வேற.

ரெண்டு வாரம் போச்சு. சரிவுல எங்களுக்குக் கீழ் வீட்டுல ஒரு அப்பத்தா இருக்காங்க. ராமநாதபுரம் பக்கத்துல இருந்து எப்பவோ இந்தத் தீவுக்கு வந்தவங்க. மகன் கத்தார்ல வேலை. பட்டன் போன்தான் வெச்சிருக்காங்க. ராத்திரி மகன் கூப்பிடுவார், திண்ணையில உக்காந்து பேசுவாங்க. ஒரு நாள் காலையில என்னைக் கூப்பிட்டாங்க.

"ஏன்யா தம்பி, ஒரு வெவரம் கேக்கணும். ரெண்டு வாரமா எம்மவன் பேசிக்கிட்டு இருக்கையிலேயே வெச்சுப்புடுறான்யா. நான் ஏதும் தப்பா பேசிப்புட்டேனான்னு ரோசனையா இருக்கு. கோவிச்சுக்கிட்டானோ?"

அப்போ எனக்கு ஒண்ணும் தோணலை. "டவர் பிரச்சினையா இருக்கும் அப்பத்தா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சாயங்காலம் எதிர்வீட்டு பெங்காலி தாதாவும் அதையேதான் சொன்னார். கால் நடுவுல அறுந்து போகுதாம், ரெண்டு வாரமாத்தானாம். ரெண்டு வாரம்ங்கறது ரெண்டாவது தடவை காதுல விழுந்ததும்தான் உறைச்சுது. வீட்டுக்குப் போய் பூஸ்டர் சுவிட்சை அணைச்சேன். மூணு நாள் பொறுத்துப் பார்த்தேன். அப்பத்தா திண்ணையில முக்கால் மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க. சிரிப்புச் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுது.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். படிச்சதைச் சுருக்கமா சொல்றேன்.

அந்தக் காலத்து டிவி பூஸ்டர் காது மட்டும்தான், வாய் கிடையாது. வர்றதை வாங்கிப் பெருசாக்கும், அவ்வளவே. அதனால பக்கத்து வீட்டுக்கு பெரும்பாலும் ஒரு கெடுதலும் இல்லை. மொபைல் அப்படியில்லை. நாமளும் டவரோட பேசணும். அதனால மொபைல் பூஸ்டர் டவர்ல இருந்து வர்றதை வீட்டுக்குள்ள பெருசாக்குது, வீட்டுல இருந்து போறதையும் டவரை நோக்கிப் பெருசாக்குது. சாதாரணமா டவர் ஒவ்வொரு போனுக்கும் "நீ மெதுவா பேசு, நீ கொஞ்சம் சத்தமா பேசு"ன்னு வினாடிக்குப் பல தடவை சொல்லிக்கிட்டே இருக்கும். எல்லாரும் அதைக் கேட்டு நடக்கிறதாலதான் ஒரே டவர்ல அத்தனை பேர் பேச முடியுது. மலிவான பூஸ்டருக்கு அந்தப் பேச்செல்லாம் கேக்காது. தன் பாட்டுக்குக் கத்தும். கூடவே இரைச்சலையும் சேர்த்து அனுப்பும். அந்த இரைச்சல்ல, தூரத்துல இருந்து சன்னமா பேசற பட்டன் போனோட குரல் டவருக்குக் கேக்காது. கால் அறுந்துடும்.

இன்னொண்ணும் இருக்கு. கோயில் திருவிழாவுல மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனா 'கொய்ங்'னு ஊளையிடுமே, அதேதான். கூரை ஆண்டெனாவுக்கும் கூடத்து ஆண்டெனாவுக்கும் நடுவுல போதிய தடுப்பு இல்லைன்னா பூஸ்டரும் ஊளையிடும். நம்ம காதுக்குக் கேக்காது, டவருக்குக் கேக்கும். எங்க வீட்டுல ரெண்டுக்கும் நடுவுல மூணு மீட்டர்கூட இருக்காது.

இது சட்டப்படியும் தப்பு. 2022 ஜூலையில தொலைத்தொடர்புத் துறை தெளிவாவே சொல்லியிருக்கு. உரிமம் வாங்கின தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேற யாரும் மொபைல் ரிப்பீட்டர், பூஸ்டரை வெச்சிருக்கவோ விக்கவோ பயன்படுத்தவோ கூடாது. ஆன்லைன்ல கிடைக்குதேன்னா, கிடைக்கிறதெல்லாம் சட்டப்படி சரின்னு அர்த்தம் இல்லை.

"அமெரிக்காவுல கடையிலேயே விக்குறானே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். அங்க 2013-ல விதி கொண்டுவந்து, 2014 மார்ச்சுல இருந்து விக்கிற பூஸ்டரெல்லாம், ஊளையிட்டா தானே அடங்கிப்போற மாதிரி இருக்கணும்னு கட்டாயமாக்கினாங்க. அப்பவும் மொபைல் கம்பெனிகிட்ட பதிவு பண்ணணும். இங்கிலாந்துலயும் 2018-ல இருந்து குறிப்பிட்ட தரம் உள்ளதை மட்டும் விட்டிருக்காங்க. அங்க சரியா இருக்கிற டப்பா இங்க சரியாகாது. அலைவரிசையும் வேற, சட்டமும் வேற. சாக்லேட், தலைவலித் தைலம் மாதிரி பொட்டியில போட்டுக் கொண்டு வர்ற பொருள் இல்லை இது.

சரி, அப்போ என்னதான் பண்றது? ஆண்டெனா. வெறும் ஆண்டெனா. எங்க அப்பா சொல்லிக் கொடுத்ததுல பூஸ்டர் பாதிதான் தப்பு, ஆண்டெனா பாதி இன்னிக்கும் சரி. உசரத்துல வை, டவரைப் பார்த்துத் திருப்பு. அவ்வளவுதான்.

போன்ல ஆண்டெனா மாட்ட முடியாது. சிம் போடுற 4ஜி ரவுட்டர் வாங்கணும், அதுல வெளி ஆண்டெனா மாட்ட எஸ்எம்ஏ சாக்கெட் ரெண்டு இருக்கணும். (சில ரவுட்டர்ல வைஃபை ஆண்டெனாவுக்கும் அதே மாதிரி ஒரு சாக்கெட் இருக்கும், நடு ஊசி மட்டும் மாறி இருக்கும். நான் முதல்ல அதுல கொண்டுபோய் மாட்டி ஒரு ஞாயித்துக்கிழமையை வீணாக்கினேன்.) 4ஜி ஒரே நேரத்துல ரெண்டு பாதையில பேசும். அதனால ஆண்டெனாவும் ரெண்டு வேணும், இல்லைன்னா ஒரே பலகைக்குள்ள ரெண்டும் இருக்கிறதா வாங்கணும். ஒண்ணை மட்டும் மாட்டினா பாதி பலன்தான்.

பெரும்பாலானவங்க கோட்டை விடுற இடம் கேபிள். ஆண்டெனா டப்பா மேல 10 டெசிபல்னு போட்டிருக்கும். கூடவே வர்ற ஒல்லி கேபிள், ஆர்ஜி 58 ரகம், 1800 மெகாஹெர்ட்ஸ்ல மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.8 டெசிபல் தின்னும். பத்து மீட்டர் இழுத்தா எட்டு போச்சு. மேல சம்பாதிச்சதை வழியிலேயே தொலைச்சுட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வரும். எல்எம்ஆர் 400 மாதிரி தடி கேபிள்னா மீட்டருக்கு 0.2 தான், ஆனா விலையும் ஜாஸ்தி, வளைக்கவும் முடியாது.

அதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. சிக்னலை ரவுட்டர் இருக்கிற இடத்துக்கு இழுக்காதீங்க. ரவுட்டரை ஆண்டெனாகிட்ட கொண்டுபோங்க. கூரை ஓரத்துல, மழை படாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள ரவுட்டர். ஆண்டெனாவுக்கும் அதுக்கும் ஒரு மீட்டர் கேபிள். அங்கிருந்து வீட்டுக்குள்ள சாதாரண நெட்வொர்க் கேபிள். அது நூறு மீட்டர் வரைக்கும் ஒண்ணும் இழக்காது. நான் அப்படித்தான் பண்ணினேன். வீட்டுக்குள்ள மைனஸ் 112 காட்டினது, கூரையில மைனஸ் 93 ஆச்சு. பத்தொன்பது டெசிபல்னா கிட்டத்தட்ட 80 மடங்கு. ஒரு சொட்டு மின்சாரம் அதிகமா செலவழிச்சு யாரையும் பார்த்துக் கத்தலை. சொல்லப்போனா டவருக்கு இப்போ நான் நல்லா கேக்கறதால, "மெதுவா பேசு"ன்னு அது சொல்ல, ரவுட்டர் முன்னைவிட மெதுவாத்தான் பேசுது. பக்கத்து வீட்டுக்கு லாபமே தவிர நஷ்டம் இல்லை.

எந்தப் பக்கம் திருப்பறதுன்னு தெரியலைன்னா, தொலைத்தொடர்புத் துறை 2017-ல தொடங்கின தரங் சஞ்சார் தளத்துல உங்க வீட்டைச் சுத்தி எங்கெங்க டவர் இருக்குன்னு பாக்கலாம். அப்புறம் பழைய முறைதான். ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ. "இப்ப?" "இல்ல." "இப்ப?" எங்க வீட்டுல மேல நான், கீழ பையன். கோடு எத்தனைன்னு பாக்காதீங்க, எண்ணைப் பாருங்க. கொஞ்சம் திருப்பிட்டு அரை நிமிஷம் பொறுங்க. இந்த ஊர் மாதிரி உப்புக்காத்து இருந்தா ஒவ்வொரு இணைப்பு மேலயும் ரப்பர் டேப் இறுக்கிச் சுத்துங்க. இடி விழுற ஊர்னா எர்த் கம்பி கட்டாயம்.

இதுக்கும் முன்னாடி ஒண்ணு. வீட்டுல ஃபைபர் இணைப்பு இருந்தா ஆண்டெனாவே வேணாம். போன் செட்டிங்ல வைஃபை காலிங்கை ஆன் பண்ணுங்க. 2019 கடைசியில இருந்து இங்க அது இருக்கு. காசு கிடையாது. ஊர்ல அம்மா புலம்பலுக்குப் பாதி வீட்டுல இதுவே மருந்து. அதே மாதிரி, சிக்னல் நல்லா இருந்தும் ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் நெட் படுத்துக்குதுன்னா அது கூட்ட நெரிசல். அதுக்கு ஆண்டெனா உதவாது. பஸ்ல இடமில்லாதப்ப வாசல்ல நிக்கிற இடத்தை மாத்தி என்ன பிரயோஜனம்?

"இதெல்லாம் நாம ஏன் பண்ணணும், டவர் வைக்கிறது கம்பெனி வேலை இல்லையா?"ன்னு தங்கமணி கேட்டா. கம்பெனி வேலைதான். புகார் கொடுக்கணும், விடாம கொடுக்கணும். ஆயிரத்து இருநூறு கோடி போட்டுக் கடலைத் தாண்டினவங்களுக்கு ஒரு மேட்டைத் தாண்ட முடியாதா என்ன. ஆனா தகரக் கூரை என்னோடது. அதைத் தாண்ட வைக்கிற வேலையும் என்னோடதுதான். அதை அடுத்த வீட்டுப் பேச்சை அறுத்துப் பண்ணக் கூடாதுங்கறதுதான் நான் சொல்ல வர்றது. தீவுல டவர் கொஞ்சம். ஒரு டவரை நம்பி எத்தனையோ வீடு. அன்னிக்கு அறுந்தது ஒரு மகனோட பேச்சு. யாராவது ஆத்திர அவசரத்துக்கு 112-க்கு அடிச்சிருந்தா அதுவும்தானே அறுந்திருக்கும்?

அப்பத்தாகிட்ட உண்மையைச் சொன்னேன். பூஸ்டர், அலைவரிசைன்னெல்லாம் சொல்லலை. "உங்க மகன் கோவிச்சுக்கலை அப்பத்தா, என் வீட்டு டப்பாதான் அறுத்துவிட்டுச்சு. மன்னிச்சிருங்க"ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. "அப்ப அவன் வெக்கலையா?" "இல்ல." "நெசமாவா?" "நெசமா." அதுக்கப்புறம் டப்பா பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. உள்ள போய் ரெண்டு அதிரசம் கொண்டுவந்து கையில வெச்சாங்க. அந்த அதிரசத்தைத் தின்ன எனக்கு என்ன தகுதி இருக்குன்னு தோணிச்சு. ஆனாலும் தின்னுட்டேன்.

மச்சான், இப்ப புரியுதா? பூஸ்டர் வேணாம். நீங்க வாங்க. வந்து மாமா வீட்டு மாடியில ஏறி ஆண்டெனாவைத் திருப்புங்க. கீழ நின்னு "இப்ப?"க்குப் பதில் சொல்ல எங்க அப்பா ரெடியாத்தான் இருக்கார்.

டிஸ்கி: நான் ரேடியோ எஞ்சினியர் இல்லை, சூடு பட்ட பூனை. கூரை மேல ஏறும்போது மின்சாரக் கம்பி எங்க போகுதுன்னு பார்த்துட்டு ஏறுங்க. மழை நாள்ல ஏறவே ஏறாதீங்க.